அவிழ்க்காத கட்டுமரம்

காலை ஏழு மணி. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவுயியின் மாஅலயா துறை. இரண்டு உடல் கொண்ட பாய்ப்படகின் மேல்தட்டில் நாற்பது பேர் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறோம். படகுக்காரப் பையன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது, கழிப்பறைக்குள் எதைப் போடக் கூடாது என்றெல்லாம் ஒப்பித்தான். முடிக்கும்போது ஒரு செய்தியை இனாமாகக் கொடுத்தான்: நாம் ஏறியிருக்கும் 'கேட்டமரான்' என்பது பழைய ஹவாய்ச் சொல்லாம், முன்னோர் தந்துவிட்டுப் போன பெயராம்.

நான் எழுந்துவிட்டேன். "உட்காருங்க. ஊர் பார்க்க வந்த இடத்திலுமா?" என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். மகள் கடலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேத்தி மட்டும் காதோரம் வந்து, "தாத்தா, அது நம்ம கட்டுமரம்தானே?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காக உட்கார்ந்தேன்.

பையனுக்குப் பதில் சொல்ல ஒரு வரி போதும். அவன் முன்னோர் இரட்டை உடல் படகை 'வஆ கவுலுவா' என்றார்கள். வஆ என்றால் படகு. கவுலுவாவுக்குள் இருக்கும் லுவா என்றால் இரண்டு. இவ்வளவு துல்லியமான சொந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சொல்லை எதற்குத் தன்னுடையது என்கிறான்? ஆனால் இந்தக் கட்டுரை அவனுக்காக அல்ல. ஊரில் ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். நான் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம், கட்டுமரம் பற்றித் தாம் எழுதியதை எனக்கு அனுப்பியிருந்தார். அதில் மூன்று முடிபுகள். கட்டுமரம் சங்க காலத்துச் சொல் என்பது ஒன்று. இராசேந்திரன் கட்டுமரங்களில்தான் கடாரம் போனான், ஆகவே இன்று உலகக் கடல்களில் ஓடும் இரட்டை உடல் படகெல்லாம் தமிழன் கண்டுபிடிப்பு என்பது இன்னொன்று. சொல்லில் உள்ள 'கட்டு' பெயர்ச்சொல், விறகுக்கட்டில் உள்ள கட்டுப்போல என்பது மூன்றாவது. ஹவாய்ப் பையனை மன்னிக்கலாம். அவனுக்குத் தமிழ் தெரியாது. நண்பருக்குத் தெரியும்.

முதல் முடிபு. சங்கப் புலவர்களுக்குக் கடலும் ஆறும் புதியவை அல்ல. கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி, பஃறி, திமில், புணை என்று சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாட்டில் காற்றைக் கையாண்ட நாவாயைப் பேசுகிறார். அகநானூறு 149 யவனர் கலத்தைச் சுள்ளியாற்றுக்குள் கொண்டுவருகிறது. உப்பு விற்று நெல்லோடு திரும்பிய பஃறிகளை, கொட்டிலில் கட்டிய குதிரைகளாகக் காண்கிறது பட்டினப்பாலை. இத்தனை நெய்தல் பாட்டிலும் கட்டுமரம் என்ற தொடர் எனக்கு எங்கும் அகப்படவில்லை. நண்பருக்கு அகப்பட்டிருந்தால் பாட்டெண்ணைச் சொல்லியிருப்பார். சொல்லவில்லை.

சொல் இல்லை என்பதால் பொருளும் இல்லை என்று நான் வாதாடவில்லை. பரதவரின் திமில் ஏறத்தாழ இதே பொருள்தான் என்பது என் எண்ணம். காளையின் முதுகு மேட்டுக்கும் திமில் என்றே பெயர். முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த மரத்தைக் கரையில் நின்று பக்கவாட்டில் பார்த்தவர்களுக்கு, ஒரே சொல் இரண்டுக்கும் ஏன் பொருந்துகிறது என்று விளக்க வேண்டியதில்லை. அம்மூவனார் அகநானூற்றின் 10ஆம் பாட்டில், பழைய திமிலைச் சிதைத்துவிட்டுப் புதிய வலையோடு நிற்கும் தொண்டிப் பரதவரைக் காட்டுகிறார். பிரித்துப் போடுவது பெரிய செய்தியாக இல்லாத கலம் அது என்று அதிலிருந்து நான் படித்துக்கொள்கிறேன். திமிலிலிருந்து திமிங்கிலம் வந்தது என்பாரும் உண்டு. திமி என்ற மீனையே விழுங்குவது திமிங்கிலம் என்று வடமொழிக்காரர் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் நமக்குப் பங்கு கேட்பது வீண்.

திமிலை விட எனக்கு நெருக்கமான சொல் புணை. இணைத்தல், பிணைத்தல் என்ற பொருள்கள் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. கணியன் பூங்குன்றனார் ஆற்றோடு போகும் உயிருக்கு அதை உவமையாக்கினார் (புறநானூறு 192). வள்ளுவர் சினத்தைப் பேசும்போது 306இலும், காமத்தைப் பேசும்போது 1134இலும் அதையே எடுத்தார். புணைக்கு ஈடு, பிணை என்ற பொருளும் உண்டு. புணைப்படுதல் என்றால் இன்னொருவருக்காகப் பொறுப்பேற்பது. மாஅலயாவில் படகேறும் முன் எங்கள் எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கடலுக்குள் என்ன நேர்ந்தாலும் நாங்களே பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. புணை எழுதிக் கொடுத்துவிட்டுப் புணை ஏறினோம். இந்தச் சிலேடையைச் சொல்லிச் சிரிக்க அந்தப் படகில் எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

மொலோக்கினி வந்தது. எரிமலை வாயில் பாதி கடலுக்குள் அமிழ, மீதி பிறை வடிவில் தலை நீட்டி நிற்கும் தீவு. மாவுயிக்கும் காஹோலாவேக்கும் நடுவே கிடக்கிறது. உயரம் 49 மீட்டர்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை குண்டு போட்டுப் பழகிய இடம். 1977இல் கடலுயிர்க் காப்பிடம் ஆயிற்று. பவளத்தைக் கிழிக்கும் என்பதால் அங்கே யாரும் நங்கூரம் போடுவதில்லை. ஏற்கெனவே கிடக்கும் மிதவைகளில்தான் படகைக் கட்ட வேண்டும். பையன் அணியத்தில் குப்புறப் படுத்து, நீண்ட கொக்கியால் மிதவையை இழுத்துக் கயிற்றைக் கட்டினான். அந்தக் கயிற்றைப் பிறகு பேசுகிறேன்.

கண்ணாடி, காலுக்குத் துடுப்பு, வாயில் ஒரு வளைந்த குழாய். குழாயின் பெயர் ஸ்நார்க்கல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கடலுக்கு மேல் மூக்கை நீட்டிக் காற்றிழுக்கப் பயன்படுத்திய குழாய்க்கு வைத்த பெயர் இது. ஜெர்மன் கொச்சையில் மூக்கையும் மூஞ்சியையும் குறித்தது. குறட்டை விடுவதைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. மாட்டிக்கொண்டு நீரில் முகம் வைத்ததும் என் காதுக்கே என் குறட்டை கேட்டது. பெயர் வைத்தவர் செவியுள்ளவர்தான். அடியில் ஒரு மீன் பவளத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. ஹவாயின் மாநில மீன், பெயர் ஹுமுஹுமுநுக்குநுக்குஆப்புவாஆ. நுக்குநுக்கு என்றால் மூஞ்சி, புவாஆ என்றால் பன்றி. நம் மீனவர் கண்டால் கிளாத்தி என்று நான்கெழுத்தில் முடித்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் நம்மிடம் சொல் இல்லை என்று மருமகன் சொன்னார். குழாய்க்கு இல்லை, செயலுக்கு உண்டு. முத்துக்குளித்தல் என்பதில் உள்ள குளி எதைக் குறிக்கிறது? மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதை அல்ல. மூழ்குவதை. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி இறங்கியவன் குளித்தான். குளியலறையில் நிற்கிறவன் பின்னால் வந்து அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். பழைய கணக்குப்படி, அன்று நாங்கள் ஐந்து பேரும் மொலோக்கினியில் மீன்குளித்தோம் என்றே சொல்லலாம்.

நீந்தத் தெரியாதவர்களுக்காக ஒரு வளையத்தைக் கடலில் போட்டு, அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்துப் போனார்கள். மனைவியும் பேத்தியும் அதில். மனைவி எந்தப் பக்கம் பிடித்தாளோ பேத்தியும் அந்தப் பக்கமே வந்து ஒட்டிக்கொண்டாள். குறுந்தொகையின் 222ஆம் பாட்டு கண்ணெதிரே நடந்தது. தோழி புணையின் தலைப்பக்கம் பிடித்தால் தலைவியும் தலைப்பக்கம். கடைப்பக்கம் போனால் இவளும் கடைப்பக்கம். தோழி புணையை விட்டு வெள்ளத்தோடு போனால் இவளும் போவாள். அகநானூறு 6இல் பரணர் காட்டுவது வேழக்கோலால் கட்டிய வெண்புணை, அதுவும் நீர்விளையாட்டுக்குத்தான். மீன் பிடிக்கவும் உப்பு ஏற்றவும் மட்டுமல்ல, கூட்டமாகப் போய் மிதந்து களிக்கவும் நாம் ஒன்றைக் கட்டி வைத்திருந்தோம். அதன் பெயர் புணை. கடற்செலவில் மகளிருக்கு இடமில்லை என்று எழுதிய தொல்காப்பியர், கடலைச் சொன்னாரே தவிர ஆற்றைச் சொல்லவில்லை. மனைவியிடம் இதைச் சொன்னேன். "அவர் வீட்டுக்காரி என்ன சொன்னாள்னு எழுதியிருக்காரா?" என்று கேட்டாள். உரையாசிரியர் எவரும் தொடாத இடம்.

இரண்டாம் முடிபுக்கு வருகிறேன். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி இருக்கிறது. அலைமோதும் கடலின் நடுவே அனுப்பியவற்றை அது கலம் என்றுதான் சொல்கிறது. கட்டுமரம் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கட்டுமரம் என்பது மென்மையான, எடை குறைந்த சில மரங்களை, நடுமரம் நீளமாக இருக்கும்படி அடுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டையோடு கயிற்றால் பிணைத்தது. அதற்கு உள்ளிடமே கிடையாது. அலை மேலேறி, மரங்களுக்கு இடையே வழிந்து போகும். அதனாலேயே அது மூழ்காது. அதனாலேயே அதில் அரிசி மூட்டை நனையும். அதன் மேல் யானையை ஏற்றிச் சீவிசயம் அனுப்பியவன் வென்றிருக்க மாட்டான்.

பிறகு எப்படி இரட்டை உடல் படகுக்கு நம் பெயர் போயிற்று? இதற்கு ஊகம் வேண்டாம், வழித்தடம் இருக்கிறது. 1583இல் வெனிசு வணிகர் காஸ்பரோ பால்பி சாந்தோமில் கண்டு எழுதியது, உருண்டை மரங்கள் ஏழைச் சேர்த்துக் கட்டிய சின்னஞ்சிறு கலம்; ஐந்து அடியில், நடுவில் உள்ளது நீளம், பின்னால் ஒன்றின் மேல் ஆள் உட்கார்ந்திருப்பான். அதைக் 'கட்டமரோனி' என்பதுபோல் தன் நாவில் வந்தபடி எழுதி வைத்தார். 1673இல் ஆங்கிலப் பயணி ஃபிரையர் கண்டார். பாய் ஒன்று, துடுப்பு சில, கட்டிய மரங்கள். 1697இல் டாம்பியரின் பயணநூல் வெளிவந்து ஆங்கிலேயர் வீடுகளில் இந்தச் சொல்லைப் பரப்பியது. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இவற்றை வரிசைப்படுத்தி, கட்டு, மரம் என்று பிரித்தும் காட்டிவிட்டது.

இவர்கள் எல்லோரும் கண்டது கட்டிய மரத்தை. ஒருவர்கூட இரட்டை உடல் படகைக் காணவில்லை. வேறு எத்தனையோ கலங்கள் இருக்க, இதன் பெயர் ஏன் அவர்கள் வாயில் முதலில் ஏறிற்று என்பதற்குச் சென்னைதான் காரணம். அன்று சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல் தொலைவில் நிற்கும். நடுவே சீறும் அலை. ஐரோப்பியப் படகு அதில் கவிழும். கட்டுமரக்காரர் ஒருவர் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டு, அலைக்கு அடியில் போய் மேலே வந்து, நீர் புகாத தொப்பிக்குள் வைத்த கடிதத்தைக் கப்பலில் கொடுத்துவிட்டுத் திரும்புவார். ஊரைத் தொடுவதற்கு முன் கப்பல்காரன் கண்ட முதல் தமிழர் அவர். கேட்ட முதல் தமிழ்ச்சொற்களில் ஒன்று அவர் ஏறி வந்ததன் பெயர்.

சொல் இங்கிலாந்து போனதும் கட்டவிழ்ந்தது. கட்டி மிதக்கும் எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1804இல் பூலோன் துறையில் பிரெஞ்சுக் கப்பல்கள் மேல் ஏவ ராபர்ட் ஃபுல்டன் செய்த வெடிப்பெட்டிகளைக் கேட்டமரான் என்றார்கள். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் சண்டைக்காரப் பெண்ணுக்கும் அதே பெயர். முன்னால் நிற்கும் மூன்றெழுத்து அவர்கள் பூனையின் பெயராக இருந்ததால் வந்த வினை. மரத்துக்கும் மங்கைக்கும் வேறு தொடர்பில்லை. 1876இல் நியூயார்க்கு நீர்ப்பந்தயத்தில் நத்தானியல் ஹெரஷாஃப் இரட்டை உடல் படகு ஒன்றை ஓட்டி மற்றவர்களை மண்ணைக் கவ்வ வைத்தார். படகின் பெயர் அமரில்லிஸ். வென்றதே குற்றம் என்று விலக்கி வைத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் காப்புரிமை வாங்கினார். அவருடைய வகைப் படகைக் கேட்டமரான் என்று அழைக்கத் தொடங்கியதிலிருந்து, 'மரங்கள்' போய் 'இரண்டு' வந்தது. 1947இல் வுடி பிரவுனும் தோழர்களும் ஹொனலுலுவில் மனு காய் என்ற படகைக் கட்டினார்கள். போர்க்காலத்தில் கிறிஸ்துமஸ் தீவில் கண்ட இரட்டைத் தோணி பிரவுனுக்கு வழிகாட்டி. வைக்கீக்கிக் கரையில் அது பயணிகளை ஏற்றத் தொடங்கியதும், வஆ கவுலுவாவின் பேரப்பிள்ளை தாத்தன் பெயரை விட்டுச் சோழமண்டலக் கரையின் பெயரைச் சூட்டிக்கொண்டது.

நம்மிடம் இரட்டைக் கலத்துக்குச் சொல்லே இல்லையா? இருந்தது, இருக்கிறது. இரண்டு தோணிகளை அருகருகே வைத்து மேலே பலகை பரப்பினால் அதற்கு மலையாளக் கரையில் சங்ஙாடம் என்று பெயர். கொச்சிப் பக்கம் வண்டிகளை ஏற்றிக் கரை கடத்தும் ஜங்காரும் அதே சொல்லின் வேறு முகம். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்புளூஸ், நம் கீழைக்கரைத் துறைகளைப் பேசும் இடத்தில், பெரிய ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய சங்கரா என்ற கலத்தைக் குறிக்கிறது. சங்கராவும் சங்ஙாடமும் ஒன்றே என்று சொன்னவர்களோடு நான் நிற்கிறேன். மரங்களைப் பொருத்திச் சேர்ப்பதைக் குறிக்கும் வடசொல் அடியில் இருக்கிறது. ஆள்களைச் சேர்ப்பதும் அதே குடும்பம்: மலையாளத்தில் சங்ஙாதி என்றால் தோழன், நம் வீடுகளில் 'அவன் சங்காத்தமே வேண்டாம்' என்பதில் இருப்பதும் அதுதான்.

வேடிக்கை இனிமேல்தான். போர்ச்சுக்கீசியர் சங்ஙாடத்தைக் கேட்டு 'ஜங்காட' ஆக்கினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பிரேசில் போனார்கள். அங்கே வடகிழக்குக் கரையில் மீனவர்கள் மென்மரங்களைக் கட்டிப் பாய் ஏற்றிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அச்சு அசலாக நம் கட்டுமரம். அதற்கு ஜங்காட என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆக, இரட்டைத் தோணியின் பெயர் கட்டிய மரத்துக்குப் போயிற்று. கட்டிய மரத்தின் பெயர் இரட்டைப் படகுக்குப் போயிற்று. இரண்டும் இந்தத் தென்முனையிலிருந்து கப்பலேறி, இடம் மாறி இறங்கிய சொற்கள். நண்பர் கட்டுரையில் பெருமைப்பட வேண்டிய இடம் இது. இங்கே அவர் ஒன்றுமே எழுதவில்லை.

எதிர்த்திசையில் வந்த சொல்லும் உண்டா? ஹவாயின் வஆ, மாவோரியின் வக்கா, தொங்காவின் வக்கா, பிலிப்பைன்சின் பங்கா எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இந்த வரிசையின் ஓரத்தில் நம் வங்கத்தை உட்கார வைத்து, அங்கிருந்து வந்ததே அது என்பார் இருக்கிறார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளின் வடிவில் பொலினேசியச் சாயலைக் கண்டு எழுதினார். ஹார்னெல் கரையில் நின்று அளந்தவர். அவரை வாய்ச்சொல்லால் தள்ள முடியாது. வங்கம் விஷயத்தில் எனக்கு ஆசையும் தயக்கமும் சரிபாதி. மரக்காயரை மரக்கலராயராக்கிப் பார்க்கும் ஆசையைப் போன்றதே இதுவும் என்று விட்டுவிடுகிறேன்.

இனி மூன்றாம் முடிபு. இங்கேதான் சண்டை.

குமரிக்கரையில் 'கட்டமரம்' என்று ஒலிப்பதை வைத்துக் கட்டை மரம் என்று பிரித்த ஒருவரை நண்பரே மறுத்திருக்கிறார். நன்று, கட்டை, மரம் என்று ஒன்றையே சொல்ல இரண்டு சொல் எதற்கு? ஆனால் அடுத்த பத்தியிலேயே, 'கட்டு' வினை அல்ல, பெயர் என்கிறார். ஆதாரம் புணர்ச்சி விதி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது: சுடுசோறு, ஊறுகாய், குடிதண்ணீர். கட்டு முன்னால் வந்தால் மிகுகிறது: கட்டுச்சோறு, கட்டுக்கதை. ஆகவே கட்டு பெயர். கட்டுமரம் மரங்களின் கட்டு.

விதி சரி. சான்றுகளும் சரி. முடிபுதான் தவறு. கட்டுமரத்தில் வருமொழி முதலெழுத்து மகரம். மெல்லினம் மிகவும் செய்யாது, மிகாமையைக் காட்டவும் செய்யாது. அந்த எழுத்து சாட்சிக் கூண்டில் ஏறி வாயை மூடிக்கொள்கிறது. கட்டுச்சோற்றைச் சாட்சிக்கு அழைத்துக் கட்டுமரத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. மகரம் வரும் இன்னொரு சொல்லைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். சுவாமிமலையைக் கட்டுமலை என்கிறோம். மலைகளின் கட்டா அது? கட்டிய மலை. அங்கே கட்டுக்கு வினைப்பொருள். இங்கே மட்டும் பெயர்ப்பொருள் எப்படி வந்தது?

சொல் அடுக்கு இன்னொரு சான்று. விறகின் கட்டு விறகுக்கட்டு. கீரையின் கட்டு கீரைக்கட்டு. புல்லின் கட்டு புல்லுக்கட்டு. தமிழன் கட்டைப் பின்னால் வைப்பான். மரங்களின் கட்டு என்று நினைத்திருந்தால் 'மரக்கட்டு' என்று சொல்லியிருப்பான். சொல்லவில்லை. மீனவர் பேச்சையும் கேளுங்கள். கரையில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, மரம் என்பார்கள். மரம் தள்ளுவார்கள், மரத்தில் போவார்கள், மரம் கரை பிடிக்கும். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' படித்தவர்களுக்கு இந்த வழக்குப் புதிதல்ல. பேச்சில் எஞ்சி நிற்பது மரம், உதிர்வது கட்டு. அடைமொழிதான் உதிரும், தலைச்சொல் உதிராது. அது எப்படிப்பட்ட மரம்? கட்டு மரம்.

எந்தக் காலத்துக் கட்டு? இந்தக் கேள்விக்கு இலக்கணப் புத்தகத்தில் விடை இல்லை, கரையில் இருக்கிறது. மென்மரம் நீரைக் குடிக்கும். ஊறினால் கனக்கும். அதனால் கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்ப்பார்கள். மரங்களைத் தனித்தனியாகத் தோளில் தூக்கி மணலில் காயப் போடுவார்கள். விடிவதற்கு முன் மறுபடி அடுக்கிக் கட்டிக் கடலில் தள்ளுவார்கள். நேற்றுக் கட்டிய மரம். இன்று கட்டுகிற மரம். நாளை கட்டும் மரம். முக்காலமும் உள்ளடங்கி, காலம் காட்டும் இடைநிலை எதுவும் வெளியே தெரியாமல் நிற்பதற்கு நம் இலக்கணத்தில் ஒரே பெயர்தான் உண்டு. மாணவர்களுக்குப் பல ஆண்டு ஊறுகாயை எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொடுத்த நண்பர், கடற்கரைக்கு ஒரு நாள் போயிருக்கலாம்.

கட்டியது கயிறு. அந்தக் கயிறும் வீட்டோடு நிற்கவில்லை; மலையாளக் கரை வழியாகப் போய் ஆங்கிலத்தில் 'காயர்' ஆயிற்று. நம் கரையிலோ கயிறு குறைந்துகொண்டே வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்திறங்கிய ஃபைபர் படகுகள் மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதற்கு முன்பே பல ஊர்களில் அந்த மாற்றம் தொடங்கியிருந்தது. ஃபைபரை யாரும் கட்ட வேண்டாம், அவிழ்க்கவும் வேண்டாம். பொறி மாட்டினால் போதும்.

மொலோக்கினியில் பதினொரு மணிக்குள் காற்று ஏறிவிட்டது. எல்லோரையும் மேலே அழைத்து எண்ணினார்கள். கோழி சுட்ட வாசனை. ஈரத்துண்டோடு நான் அந்தப் பையன் பக்கத்தில் போய் நின்றேன். மனைவி தூங்கிவிட்டாள், இழுக்க ஆள் இல்லை. கேட்டமரான் எங்கள் சொல் என்றேன். கட்டு, மரம் என்று பிரித்துச் சொன்னேன். அவன் வாதாடவில்லை. "கட்டியதா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டான். பிறகு, அவன் முன்னோர் வஆ கவுலுவாவுக்கு ஆணியே அடித்ததில்லை என்றான். இரண்டு உடலையும் குறுக்குக் கட்டைகளையும் தேங்காய் நார்க்கயிற்றால்தான் பிணைத்தார்கள். அந்தக் கயிற்றின் பெயர் அஹா. 1976இல் மவு பியாயிலுக் கருவிகள் எதுவும் இல்லாமல் வழிகாட்ட, தஹித்தி வரை போய்ச் சேர்ந்த ஹோக்குலேஆ என்ற வஆ கவுலுவாவில், உடல்கள் புதுக்காலத்துப் பொருளால் ஆனவை. சேர்த்துப் பிடித்தவை கயிற்றுக் கட்டுகள். அது நான் படித்திருந்ததுதான். படித்தபோது அதைக் கட்டுமரத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சொல்லில் அவன் தவறு. பொருளில் அவன் என்னைவிடச் சரி. ஏறி நின்ற அந்த வெள்ளைப் படகு இரண்டு உடலும் ஒரே அச்சில் வார்த்தது. அதில் கட்டியது எதுவும் இல்லை. அவன் முன்னோர் படகு கட்டியது. என் ஊர் மரமும் கட்டியது. இரண்டுக்கும் தென்னையே நார் கொடுத்தது. ஹெரஷாஃப் எந்த எண்ணத்தில் பெயர் வைத்தாரோ தெரியாது. ஆனால் அவர் வைத்த பெயர் வஆ கவுலுவாவுக்குப் பொருந்துகிறது, அவர் படகின் வழிவந்த இந்தச் சுற்றுலாப் படகுக்குப் பொருந்தவில்லை.

புறப்படும் நேரம். பையன் மறுபடி அணியத்தில் குப்புறப் படுத்தான். காலையில் மிதவையில் கட்டிய கயிற்றை அவிழ்த்தான். நாளைக் காலை வேறு நாற்பது பேரோடு வந்து கட்டுவான்.

நண்பர் நிச்சயம் மறுப்பு எழுதுவார். கட்டுச்சோற்றை மறுபடியும் அவிழ்ப்பார். மகரம் இன்னமும் வாய் திறக்கப் போவதில்லை. அதனால் நான் நிறுவிவிட்டேன் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் சொல்கிறேன்: கட்டுமரம் வினைத்தொகைதான். அவிழ்க்கத் தெரிந்தவன்தான் அந்தப் பெயரை வைத்திருக்க முடியும்.